எட்டு முழ டேப்

எங்கள் வானொலி நிலையத்தில் கடைசியாக இருந்த ஸ்பூல் டேப் மெஷினையும் போன மாதம் ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிவிட்டார்களாம். கவிதா போன் பண்ணிச் சொன்னாள். நான் ரிட்டயர் ஆவதற்கு ரெண்டு வருஷம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது பராமரிப்புப் பிரிவே அவள் கையில். "சார், கழிச்சுக் கட்டின மெஷினை ஏலத்துல எடுத்து, செஞ்சியில உங்க வீட்டுலயே வச்சு ஒத்தை ஆளா உயிர் குடுத்தீங்களாமே? அதை எழுதிக் குடுங்க, நம்ம ஆண்டு மலர்ல போடறோம்" என்றாள்.

எழுதுகிறேன் தாயே. ஆனால் நீ கேள்விப்பட்டது பாதிக் கதை. நீ போன் பண்ணுகிற வரைக்கும் மீதிப் பாதி ஒரே ஒருத்தருக்குத்தான் தெரிந்திருந்தது, அவரும் இப்போது இல்லை. ஆள் பேரையெல்லாம் மாற்றியிருக்கிறேன். தப்பை மட்டும் மாற்றவில்லை.

எங்கள் நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். நான் ஐ.டி.ஐ. படித்தேன், மூணு வருஷம் ரேடியோ ரிப்பேர் கடைகளில் சால்டரிங் புகையைக் குடித்தேன், அப்புறம் அரசாங்க வேலை கிடைத்தது. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது ரங்கபாஷ்யம் சாரைப் பற்றி. எங்கள் நிலையத்தின் என்ஜினியர். கத்தமாட்டார். திட்டினால்கூட ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும், அவர் திட்டவும் மாட்டார், அதுதான் கஷ்டம். மெஷினில் டேப் உரசிப் போகிற ஹெட்டில் சேர்ந்த காந்தத்தை எடுக்கிற கருவியை நாம் கையில் எடுத்தால், பின்னாலிருந்து ஒரு கை நீளும். "வாட்ச்." அவ்வளவுதான். காந்தம் வாட்சைக் கெடுத்துவிடும், கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கருவியை ஒரு கை நீளம் தள்ளி வைத்துத்தான் சுவிட்சைப் போட வேண்டும். மெல்ல ஹெட்டுக்கு அருகே கொண்டுபோய், மேலும் கீழும் தடவி, வந்த வேகத்தைவிட மெதுவாக விலக்கி, மறுபடி ஒரு கை நீளம் வந்தபிறகுதான் அணைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே அணைத்தால் இருந்த காந்தம் ரெண்டு மடங்காகிவிடும். அணைக்கிற வரைக்கும் அவர் வாட்சைத் தரமாட்டார்.

அவர் வைத்திருந்த இன்னொரு வழக்கம் கோளாறுப் புத்தகம். மெஷினுக்கு என்ன வந்தாலும் அதில் எழுத வேண்டும். நம் கைத்தவறு என்றால் "என் தவறு" என்று நம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினவனை அவர் ஒன்றும் சொன்னதில்லை. எழுதாதவனிடம் ஒரு வாரம் பேசமாட்டார்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஸ்டூடியோவில் நின்றுகொண்டிருந்த பெரிய டேப் மெஷின் ஒன்றைக் கழித்துக்கட்டினார்கள். ஒரு பீரோவைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரெண்டு ஸ்பூல், மூன்று மோட்டார். ஏலத்தில் பழைய இரும்பு விலைக்கு எடுத்தேன். பாத்திர வியாபாரி ஒருவரின் டெம்போவில் குடத்துக்கும் குண்டானுக்கும் நடுவில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. நாலு பேர் தூக்கி உள்ளே வைத்ததும் என் சம்சாரம் கேட்டாள், "இது இன்னா, கிரைண்டரா?" கிரைண்டராக இருந்தால் மாவாவது கிடைத்திருக்கும்.

சனி, ஞாயிறு மட்டும்தான் ஊரில் இருப்பேன். எட்டு மாதம் ஆனது. கண்டென்சர்கள் எல்லாம் ஊதிப்போயிருந்தன, ஒவ்வொன்றாக மாற்றினேன். டேப்பை அழுத்திப் பிடித்து ஓட்டுகிற ரப்பர் உருளை கல்லாகிவிட்டிருந்தது, புது ரப்பர் வார்த்துப் பட்டறையில் கொடுத்துக் கடைசல் பிடித்தேன். மோட்டார்களைப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டேன். பிரேக்கில்தான் என் கைத்திறமை எல்லாவற்றையும் காட்டினேன். பழைய கம்பளியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டி, ஸ்பிரிங்கை மாற்றி, ஸ்பிரிங் தராசு வைத்து இழுத்து இழுத்து அளந்தேன். முழு வேகத்தில் சுற்றும் பெரிய ஸ்பூல், ஸ்டாப்பைத் தொட்டதும் டக்கென்று நிற்க வேண்டும். நின்றது. புதுசிலேகூட அப்படி நின்றிருக்காது. அன்றைக்கு எனக்கு வந்த தலைக்கனத்தை அளக்க அந்தத் தராசு போதாது.

அந்த நேரத்தில்தான் அஞ்சலை வந்தாள், என் கூடப்பிறந்த அக்கா. தொண்டூர் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஏரிக்கரை மேட்டில் பதினேழு வீடுகள், அதில் ஒன்று அவளுடையது. அந்த மேடு ஊர்ப் பெரிய வீட்டுக்காரரின் நிலம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் காலனிக்குப் பள்ளிக்கூடம் திறந்த விழாவில், "இந்த மேட்டைக் காலனி ஜனங்களுக்கே விட்டுட்டேன், வீடு கட்டிக்கங்க" என்று அவர் மைக்கில் சொன்னாராம். வாய்ச்சொல்தான், காகிதம் கிடையாது. அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எல்லாரும் கட்டிக் குடியேறினார்கள். இப்போது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் செங்கல் சூளை போட மேட்டைக் கேட்கிறான்.

"எங்க நைனா அப்படிச் சொன்னதா எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு குரல்ல கேக்க வையுங்க, அங்கயே கையெழுத்துப் போடறேன்" என்று பஞ்சாயத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அப்படி ஒரு குரல் எங்கே இருக்கப்போகிறது என்ற தைரியம்.

இருந்தது. அக்காவோடு கூடவே வந்திருந்த காதர் பாய் கக்கத்தில் இருந்தது.

காதர் பாய் கடைவீதியில் மைக் செட் வைத்திருந்தவர். அவர் பாட்டனார், முப்பாட்டனார் எல்லாம் இதே செஞ்சியில் கடை வைத்தவர்கள். பாயிடம் ஒரு சின்ன ஸ்பூல் ரெக்கார்டர் இருந்தது. விழாவில் பெரிய மனிதர்கள் பேசுவதைப் பதிவு செய்து, எல்லாம் முடிந்ததும் அவர்கள் குரலை அவர்களுக்கே போட்டுக் காட்டுவார். தன் பேச்சைத் தானே கேட்டு மயங்கினவர் அடுத்த விழாவுக்கு வேறு ஆளைக் கூப்பிடுவாரா? அந்தப் பள்ளிக்கூட விழாவையும் பதிவு செய்து வைத்திருந்தார். பெரிய வீட்டுக்காரர் கடைசியாகப் பேசியதால் அவர் பேச்சு டேப்பின் கடைசியில் இருந்தது.

பாய் தன் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "தம்பி, டேப் நல்லா இருக்குது. மெஷின்லதான் பெல்ட்டு அறுந்துபோயி கெடக்குது. ஒரு பெல்ட்டு மட்டும் மாத்திக் குடுத்துட்டீன்னா போதும், நானே போட்டுக் காட்டிடுவேன்" என்றார்.

ஒரு ரப்பர் பெல்ட். சைக்கிள் டியூபில் வெட்டிப் போட்டிருந்தால்கூட ஓடியிருக்கும். பதினைந்து நிமிஷ வேலை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தப் பொம்மையை எதுக்கு பாய் தூக்கிட்டு வந்தீங்க? ஸ்டூடியோ மெஷினு ஊட்டுலயே நிக்குது. அதுல போட்டுக் கேசட்டுல ஏத்தித் தரேன். மூச்சு விட்டாக்கூட கேக்கும் பாருங்க. நாளைக்கு வாங்க."

பாய் ஒரு நிமிஷம் தயங்கினார். டேப் பெட்டியை ரெண்டு கையாலும் கொடுத்தார். "மெலிசு டேப்பு தம்பி. ரொம்ப நேரம் வரட்டும்னு மெலிசா வாங்கிட்டேன்."

"எனக்குத் தெரியாதா பாய்?" என்றேன்.

தெரியும். அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. தெரியாமல் செய்தவனுக்கு ஒரு மன்னிப்பு உண்டு.

அவர்கள் போனதும் மெஷினை ஆன் செய்தேன். சனிக்கிழமை, வெளிச்சம் நன்றாக இருந்தது, கரண்டும் ஒழுங்காக இருந்தது, சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வாட்சைக் கழற்றி வைத்து, ஹெட்டைத் துடைத்து, காந்தம் எடுத்தேன். அதுவரைக்கும் ரங்கபாஷ்யம் சார் பின்னால் நிற்கிற மாதிரியே செய்தேன். அதற்கப்புறம் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

ஸ்டூடியோவில் நாங்கள் டேப்பை ஓட்டி முடித்ததும் திருப்பிச் சுற்றமாட்டோம். முடிவு வெளியே இருக்கிற மாதிரி அப்படியே பெட்டியில் வைப்போம். அப்படி வைத்தால்தான் சுற்று சீராக இருக்கும். அதனால் எந்த டேப்பைக் கையில் எடுத்தாலும் எங்களுக்கு முதல் வேலை, வலப்பக்கம் மாட்டி ரிவைண்ட் பண்ணுவது. பன்னிரண்டு வருஷம் செய்த கை. ஆனால் வெளியாட்கள் அப்படி வைக்கமாட்டார்கள். காதர் பாய் சுத்தமான மனுஷர், அழகாகத் திருப்பிச் சுற்றி ஆரம்பம் வெளியே இருக்கும்படி வைத்திருந்தார். அதைச் சுற்றவே வேண்டியதில்லை. இடப்பக்கம் மாட்டி ஓட விட்டிருந்தால் போதும். நான் யோசிக்கவே இல்லை. வலப்பக்கம் மாட்டினேன், இடப்பக்கம் இருந்த பெரிய காலி ஸ்பூலில் டேப்பைக் கோத்தேன், ரிவைண்டை அழுத்தினேன்.

பெரிய ஸ்பூலுக்கென்று செய்த மோட்டார் அது. சாஸர் அளவு இருந்த பாயின் ஸ்பூலை வெறி பிடித்த மாதிரி சுழற்றியது. டேப் குறையக் குறைய வேகம் ஏறி, கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயையோ, இது வெளி டேப்பாச்சே, மெலிசாச்சே!

இந்த இடத்துக்கு சார் ஒரு பாடமே வைத்திருந்தார். வேகமாகச் சுற்றும்போது ஸ்டாப்பை அழுத்தாதே. எதிர்ப்பக்கம் சுற்றுகிற பட்டனைத் தொட்டு வேகத்தைக் குறை, நிற்கப்போகும்போது ஸ்டாப் போடு. "டேப்பு அறுந்தா ஒட்டிடலாம்யா, இழுபட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், என் கை நேராக ஸ்டாப்பில் போய் விழுந்தது.

நான் எட்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த பிரேக் டக்கென்று பிடித்தது. கனமில்லாத சின்ன ஸ்பூல் அதே நொடியில் நின்றது. கனமான பெரிய ஸ்பூல் அந்த வேகத்தில் இன்னும் ரெண்டு சுற்று, மூணு சுற்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் இருந்த டேப் அறுந்திருக்கலாம், அறுந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். இழுபட்டது. சுருண்டு, நூலாகி, பாவாடை நாடா மாதிரித் தொங்கியது. பழைய தேய்ந்த பிரேக்காக இருந்திருந்தால் வழுக்கிக்கொண்டு நின்றிருக்கும், டேப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கையாலேயே மெல்லத் திருப்பிச் சுற்றினேன். கெட்டது எவ்வளவு என்று முழம் போட்டுப் பார்த்தேன். எட்டு முழம். மீதி டேப் முழுக்கச் சுத்தம். ஓட்டும்போது கணக்குப் போட்டால் எட்டு முழம் இருபது நொடி. இருபது நொடிதானே, அது வேறு எங்காவது இருக்கட்டும் என்று ஊரில் உள்ள சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டே ஓட விட்டேன். பெரிய வீட்டுக்காரரின் குரல் கணீரென்று வந்தது. "உங்க எல்லாருக்கும் முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்." அதற்கப்புறம் தண்ணீருக்கடியில் யாரோ கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம். இருபது நொடி. பிறகு மறுபடியும் சுத்தமாக, கைத்தட்டல். விசில். யாரோ ஒரு அம்மா "நல்லா இருக்கணும் சாமி" என்று சொல்வதுகூடக் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வந்தார்கள். அக்கா வரும்போதே ஒரு பையில் வேர்க்கடலை கொண்டுவந்திருந்தாள், தம்பிக்கு. நான் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"உள்சுத்து கெட்டுப்போயிருக்குதுக்கா. சூட்டுல வச்சா இப்படித்தான் ஆவும். பாய், இதை எங்க வச்சிருந்தீங்க?"

பாய் முகம் செத்துப்போனது. "கடைப் பரண்லதான் தம்பி. தகரக் கூரை." டேப்பை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்குதுன்னு சொன்னேனே. நான்தான் பாழாக்கிட்டனா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் டேப்பை ஏற்றி வைத்திருந்த கேசட்டை எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன். ஏரியா பூராவும் ஸ்டூடியோ என்ஜினியர் என்று என்னைச் சொல்வார்கள். கூலிக்காரன் மகன் எவ்வளவு பெரிய மெஷினை எழுப்பிவிட்டான் என்று தெருவே பார்த்துப் போயிருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன், வேறென்ன.

அக்கா பாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பதினேழு குடும்பத்து வாழ்வை எடுத்து வெயில்ல வச்சிருக்கியே, நீயெல்லாம் இன்னா மனுசன்?" என்றாள். பாய் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் தாயி" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே பஞ்சாயத்தில் கேசட்டைப் போட்டார்கள். நானும் போயிருந்தேன். கொப்புளிக்கிற சத்தம் வந்ததும் எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். கைத்தட்டல் வந்ததும் பெரிய வீட்டு மகன் சிரித்தான். "எதுக்குக் கை தட்டறாங்கன்னு தெரியலையே. டீ, பன்னு குடுத்திருப்பாரோ?" பாய் எழுந்து, தன் காதால் கேட்டதைச் சொன்னார். பேசினது அவர் மெஷினில் பதிந்தது, அவரே போட்டுக் காட்டினார், பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டார், எல்லாம் சொன்னார். "குரலைக் கேக்க வையுங்கன்னுதான் சொன்னேன், உங்க குரலை இல்ல பாய்" என்றான் அவன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது அந்த எட்டு முழத்தில் வெட்டி எடுத்த ஒரு துண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சாரிடம் காட்டினேன். விரலில் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஸ்டாப் போட்டியா?"

"ஆமா சார்."

"அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"சூட்டுல கெட்டுப்போச்சுன்னு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பேனா எடுத்து 'என் தவறு'ன்னு எழுதறியே, வீட்டுல பேனா இல்லையாய்யா?" என்றார். அந்த வாரம் என்னோடு பேசவில்லை. நானும் அடுத்த சனிக்கிழமை போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த சனிக்கிழமை என்று நினைத்தேன். சொல்லியிருந்தாலும் மேட்டு வீடுகள் திரும்பக் கிடைத்திருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் பாய் தலை நிமிர்ந்திருப்பார்.

மேட்டில் சூளை வந்தது. அக்கா குடும்பம் புறம்போக்கில் குடிசை போட்டு, பத்து வருஷம் அல்லாடி, பட்டா வாங்கினார்கள். சுற்றுப்பட்டுக் காலனிகளில் காதர் பாய் மைக் செட்டை அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. அவர் மகன் செருப்புக்கடைக்குப் போய்விட்டான். நான் அந்த மெஷினை மறுபடி ஓட்டவே இல்லை. துணி போட்டு மூடி வைத்திருந்தேன், பிறகு ஒருநாள் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டேன். கடைவீதியில் பாயைப் பார்த்தால் அவர்தான் முதலில் சலாம் சொல்வார். நான் ரிட்டயர் ஆகி ஊரோடு வந்த பிறகும் அப்படித்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்விட்டார். சாவுக்குப் போனேன், அடக்கம் வரைக்கும் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

கவிதா போன் பண்ணின மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டாப் பட்டன், பிரேக், பொய், எல்லாம். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டாமல் கேட்டாள், "பாய்கிட்ட சொன்னியா?"

"அவருதான் பூட்டாரேக்கா."

"அப்ப எங்கிட்ட எதுக்குடா வந்த?"

அவள் கம்பை ஊன்றி எழுந்தாள். "அந்த மனுசனை நான் கேட்ட கேள்வி இருக்குதே, அந்தப் பாவம் எனக்கு. நீ சொன்ன பொய்யி உனக்கு. அவரு சம்சாரம் இருக்குது இல்ல? நட."

பஸ் ஏறிச் செஞ்சியில் இறங்கி, கடைவீதிக்குப் பின்னால் பாயின் வீட்டுக்குப் போனோம். அவர் சம்சாரம் எங்களை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப வெயில்ல கெடலையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லைங்கம்மா. நான்தான் கெடுத்தேன்."

அவர் கூடத்தின் மூலையைக் கைகாட்டினார். அங்கே ஒரு தகரப் பெட்டி இருந்தது, மேலே ஈரச் சாக்கு. "அவரு டேப்பு எல்லாம் அதுலதான் இருக்குது. அன்னியிலேருந்து பரண்ல வைக்கவே இல்ல. காலையில வெயிலு இந்தப் பக்கம் வரும், அந்த மூலைக்கு நகத்துவாரு. மத்தியானம் அங்க வரும், இங்க நகத்துவாரு. கடைசி வரைக்கும் அதே வேலை. அவரு மவுத்தான பின்னாடி நான் நகத்திக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மணி பன்னிரண்டு இருக்கும், வெயில் கூடத்துக்குள் வந்து பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பேச்சை விட்டுவிட்டு எழுந்து, குனிந்து, பெட்டியின் பிடியைப் பிடித்தார்.

"உடுங்கம்மா, இனிமே நகத்த வேணாம்" என்றேன்.

"பழக்கமாயிடுச்சு தம்பி" என்றார். அக்கா போய் இன்னொரு பிடியைப் பிடித்தாள். ரெண்டு கிழவிகளுமாக அதை நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.